மார்போடு கிடந்த திறவுகோல்

இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களை எங்கள் பரமக்குடி ஆண்டு முழுதும் பார்த்துக்கொண்டேயிருக்கிறது. சாலையோரத் தேநீர்க் கடைகளில் இறங்கிக் கால் நீட்டிக்கொள்ளும் அவர்களுள் பெரும்பாலோர் நடுவயதைத் தொட்டவர்கள் அல்லது கடந்தவர்கள். பெற்றோருக்கோ உடன்பிறந்தாருக்கோ ஆற்ற வேண்டிய கடனைச் சுமந்து செல்பவர்கள். சிறு வயதில் வேடிக்கையாகப் பார்த்த கூட்டம் அது. 2021-ஆம் ஆண்டு பெருந்தொற்றின் இரண்டாம் அலையில் என் தம்பியை இழந்தபின் நானும் அந்தக் கூட்டத்தில் ஒருவனானேன்.

அக்னி தீர்த்தத்தில் மூழ்கி எழுந்து ஊர் திரும்பிய பின்னும் இரண்டாண்டுகள் எதையும் மனம் ஒன்றிப் படிக்க இயலவில்லை. வகுப்பில் பாடம் நடந்தது, அவ்வளவே. நாற்பத்தைந்து வயதில், இனி எதற்கு என்னும் கேள்வி எழுவது எத்தகையது என்பதை அனுபவித்தவர் அறிவர். நண்பர்கள் தன்னம்பிக்கை நூல்களைக் கொடுத்தார்கள். அவற்றில் துயரம் ஒரு பக்கத்தில் தோன்றி மறுபக்கத்தில் வெற்றியாகிவிடுகிறது. இறந்தவன் மட்டும் அந்தக் கணக்கில் வருவதேயில்லை. அவற்றை மூடி வைத்துவிட்டேன்.

என்னை மீண்டும் படிக்க வைத்தது, எம்.ஏ. வகுப்பில் தேர்வுக்காக மட்டுமே நான் புரட்டிய ஒரு நூல்: எச். ஏ. கிருஷ்ணபிள்ளையின் 'இரட்சணிய யாத்திரிகம்'. பாடத்திட்டத்தில் கிறித்தவ இலக்கியம் என்னும் தலைப்பின்கீழ் இரண்டு மதிப்பெண் வினாவாகச் சுருங்கிப்போன காப்பியம். நான் கிறித்தவன் அல்லன். ஆயினும் அந்நூல் பிறந்த கதை இந்த வயதில் வேறுவிதமாகப் பேசியது.

அதன் மூலநூலாசிரியர் ஜான் பன்யன் இங்கிலாந்தின் பெட்ஃபோர்டுக்கு அருகில் 1628-இல் பிறந்தவர். பாத்திரங்களைச் செப்பனிடும் தொழிலாளி. முதல் மனைவி நான்கு குழந்தைகளை விட்டு இறந்தார். அவர்களுள் மூத்த மகளுக்குப் பார்வை இல்லை. அரசின் அனுமதியின்றிச் சமய உரையாற்றியதற்காக 1660-இல் சிறைப்பட்டார். இனி உரையாற்றுவதில்லை என்று ஒரு வாக்குறுதி அளித்திருந்தால் வெளியே வந்திருக்கலாம், அளிக்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுகள் சிறை. உள்ளே இருந்தபடி நாடாக்கள் பின்னிக் குடும்பத்தைக் காத்தார். அவருடைய யாத்திரைக் கதை 1678-இல் அச்சேறியபோது அவருக்கு ஐம்பதை ஒட்டிய வயது.

அக்கதையில் இரண்டு இடங்கள் என்னை நிறுத்தின. முதலாவது, மாயச் சந்தையில் யாத்திரிகனின் உற்ற துணைவன் கொல்லப்படும் இடம். அந்த மரணத்தைக் கண்ட ஊரார் ஒருவர் மனம் மாறி, யாத்திரிகனுக்கு அடுத்த வழித்துணையாகிறார். அவருடைய பெயரே நம்பிக்கை. இறந்தவன் மீள்வதில்லை, அந்த இழப்பைக் கதாசிரியர் மறைக்கவுமில்லை. நம்பிக்கை அந்த இடத்திலிருந்துதான் நடக்கத் தொடங்குகிறது. தன்னம்பிக்கை நூல்கள் தாண்டிக் குதித்த பக்கம் இதுவே என்று தோன்றியது.

இரண்டாவது, ஐயக் கோட்டையில் இருவரும் அடைபட்டுக் கிடக்கும் இடம். அவநம்பிக்கை என்னும் அரக்கன் அவர்களைத் தற்கொலைக்குத் தூண்டுகிறான். நாட்கள் கழிந்தபின் யாத்திரிகனுக்கு நினைவு வருகிறது: வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்போடு கிடக்கிறது! அதைத் தேடி எங்கும் போக வேண்டியிருக்கவில்லை. மறந்துபோனதே சிறையாயிற்று.

கிருஷ்ணபிள்ளையின் வாழ்வை இந்தத் திறவுகோலைக் கொண்டே நான் வாசிக்கிறேன். 1827-இல் நெல்லைச் சீமையில் வைணவ வேளாளக் குடும்பத்தில் பிறந்து, கம்பனில் ஊறி வளர்ந்தவர். 1853-இல் சாயர்புரத்தில் தமிழாசிரியரானார். 1858-இல் சென்னையில் திருமுழுக்குப் பெற்றார். சமயம் மாறுவது அந்நாளில் உற்றாரையும் ஊரையும் இழக்கத் துணிவதாகும். ஆனால் கம்பனை அவர் இழக்கவில்லை. ஐம்பதைக் கடந்த பருவத்தில் பன்யனின் உரைநடைக் கதையை எடுத்து, தாம் இளமையில் கற்ற விருத்தங்களிலேயே பாடினார். 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்த அக்காப்பியம் 1894-இல் நூலானது. அப்போது அவருக்கு அறுபத்தேழு வயது. கிறித்தவக் கம்பர் என்று தமிழுலகம் அவரை அழைப்பதில் ஒரு நுட்பம் உள்ளது: புதிய நம்பிக்கை, பழைய கல்வி இரண்டையும் அந்தப் பெயர் ஒருசேரச் சுமக்கிறது.

நடுவயதில் ஒருவர் வாழ்வின் பொருளைக் கண்டடைவது என்றால் புதிய மனிதராகப் பிறப்பது என்று பலர் எண்ணுகிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. அந்த வயதில் நம்மிடம் இருப்பது பெரும்பாலும் முன்பே கிடைத்ததுதான்: கற்ற தொழில், கேட்ட கதை, யாரோ நம்மீது வைத்த அன்பு. நம்பிக்கை அவற்றுக்கு ஒரு திசை தருகிறது. கதை அத்திசையில் நடக்கப் பாதை அமைக்கிறது.

இறைநம்பிக்கை இல்லாதவருக்கு இதில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. தமிழ்க் கிறித்தவர்கள் இறைப்பற்றை விசுவாசம் என்றும், எதிர்காலத்தை நோக்கிய எதிர்பார்ப்பை நம்பிக்கை என்றும் பிரித்து வழங்குவர். நம் அன்றாடத் தமிழிலோ இரண்டுக்கும் நம்பிக்கை என்னும் ஒரே சொல்தான். முன்னது வாய்க்காதவரும் பின்னதை ஒரு கதையின் வழியே பெற முடியும் என்பது என் துணிபு. எனக்கு நேர்ந்தது ஏறத்தாழ அதுவே.

இப்போது ஆண்டுதோறும் முதுகலை வகுப்பில் அந்த இரண்டு மதிப்பெண் வினாவுக்கு ஒரு மணி நேரம் ஒதுக்குகிறேன். தறியை விட்டு வேறு வேலை தேடும் வீடுகளிலிருந்தும், மழை பொய்த்த கரிசல் காட்டு வீடுகளிலிருந்தும் வரும் பிள்ளைகள் எதிரே அமர்ந்திருக்கிறார்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று அவர்களிடம் நான் சொல்வதில்லை. அது எனக்குத் தெரியாது. ஐயக் கோட்டைக் கதையைச் சொல்கிறேன். சொல்லி முடிக்கும்போது வகுப்பில் ஓர் அமைதி நிலவும். தம்பி இருந்திருந்தால், "அண்ணே, பாடம் நடத்துறியா, பிரசங்கம் பண்றியா?" என்று கேட்டுச் சிரித்திருப்பான். இரண்டும்தான் என்று சொல்லியிருப்பேன்.