அருகில் அமர்ந்தவரே ஆசிரியர்

பிள்ளையைக் காலையில் பள்ளியில் ஒப்படைப்பதும், மாலையில் அழைத்து வருவதும், கட்டணம் செலுத்தி மதிப்பெண் அட்டையில் கையொப்பமிடுவதுமே கல்வியில் தங்கள் பங்கு என்று பெற்றோர் பலர் எண்ணி வந்தனர். கற்பிப்பது ஆசிரியரின் பொறுப்பு, வளர்ப்பது தங்கள் பொறுப்பு என எல்லை வகுத்துக்கொண்டனர். 2020-ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அந்த எல்லைக்கோடு அழிந்தது. கொரோனா பெருந்தொற்றினால் தமிழகத்துப் பள்ளிகள் மூடப்பட்டன. மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு வந்தது. சில வாரங்களில் முடியும் என்று கருதப்பட்ட அடைப்பு, சிறு வகுப்புப் பிள்ளைகளுக்கு ஏறத்தாழ இருபது மாதங்கள் நீடித்தது.

கடந்துபோன துன்பத்தை இன்று ஏன் கிளற வேண்டும் என்று வாசகர் கேட்கலாம். துன்பம் கடந்தது, அது கற்பித்த பாடம் இன்னும் நம் வீடுகளுக்கு உரியதாகவே இருக்கிறது.

கோபாலபுரத்தை நாம் அறிவோம். அவ்வை சண்முகம் சாலையில் பேர்பெற்ற பள்ளிகள் உள்ளன. காலை வேளையில் அங்கே வண்டிகள் நெருக்கியடித்துக் கொண்டு நிற்கும். அன்று அந்தச் சாலை வெறிச்சோடியது. வகுப்பறைகள் வீடுகளுக்குள் குடிபுகுந்தன. வசதியுள்ள இல்லங்களில் தந்தை ஓர் அறையிலிருந்து அலுவல் பார்த்தார். மூத்தவனுக்குக் கணினி, இளையவளுக்குக் கைப்பேசி. அடுப்பைக் கவனித்தபடியே தாயார் இரண்டு வகுப்புகளுக்கும் காவலிருந்தார். ஆசிரியை வினவியதும் பிள்ளையின் காதில் விடையை ஓதிய அன்னையர் எத்தனை பேர்! மதிப்பெண் அட்டையில் நல்ல பெயர் வாங்கிவந்த மகன் ஒரு பத்தியைத் தட்டுத்தடுமாறி வாசிப்பதை முதன்முறையாகக் கேட்டுத் திடுக்கிட்ட தந்தையரும் உண்டு.

சற்றே தள்ளி, ஒற்றை அறைக் குடித்தனங்களில் நிலைமை வேறு. வீட்டுக்கு ஒரே கைப்பேசி. அதுவும் தந்தையோடு வேலைக்குப் போய்விடும். பகலில் வாட்ஸ்அப்பில் வந்து குவிந்த பாடங்களை இரவு எட்டு மணிக்குமேல் பிள்ளைகள் பார்த்து எழுதினர். பத்தாம் வகுப்பு அண்ணனுக்கே முதலிடம். தங்கை தன் முறைக்குக் காத்திருந்து உறங்கிப்போனாள். 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டிருந்த கல்வித் தொலைக்காட்சி இத்தகைய வீடுகளுக்கு ஓரளவு கைகொடுத்தது. ஆயினும் “புரியவில்லை” என்று பிள்ளை சொன்னால் தொலைக்காட்சி திரும்பச் சொல்லுமா?

எட்டாம் வகுப்புவரை நாளொன்றுக்கு இரண்டு வகுப்புகளுக்கு மேல் இணையவழியில் நடத்தலாகாது என்று மத்திய அரசு 2020 ஜூலையில் வழிகாட்டியது. தனியார் பள்ளிகள் கட்டணத்தில் 40 விழுக்காட்டை முதலிலும், பள்ளி திறந்தபின் 35 விழுக்காட்டையும் பெறலாம் என்று சென்னை உயர்நீதிமன்றம் அதே மாதம் இடைக்கால ஆணை பிறப்பித்தது. வருவாய் இழந்த குடும்பங்களுக்கு அந்த 40 விழுக்காடும் பெருஞ்சுமையே.

2021 ஜனவரி 19 அன்று பத்து, பன்னிரண்டாம் வகுப்புகள் திறந்தபோது பெற்றோரின் இசைவுக் கடிதம் கேட்கப்பட்டது. உடல்நலமா, கல்வியா என்ற கேள்விக்கு ஒரு தாள்மீது கையொப்பமிட்டு விடை கூற வேண்டியிருந்தது. அந்த இரவு உறங்காத தாய்மார் பலர். மீண்டும் அடைப்பு வந்தது. செப்டம்பர் 1 முதல் உயர் வகுப்புகளும், நவம்பர் 1 முதல் ஒன்று முதல் எட்டு வகுப்புகளும் சுழற்சி முறையில் நடந்தன. ஒரு நாள் பள்ளி, மறுநாள் வீடு. அண்ணன் செல்லும் நாளில் தங்கை வீட்டிலிருப்பாள். வேலைக்குச் செல்லும் தாய் எந்த நாளில் செல்வார்? 2020-இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை, வகுப்பறையை முதன்முதலாகக் கண்டபோது இரண்டாம் வகுப்பில் இருந்தது. அந்தக் குழந்தைகள்தாம் இன்று நடுநிலை வகுப்புகளில் அமர்ந்திருக்கின்றனர்.

இழப்பு எவ்வளவு? பொருளியல் அறிஞர் கார்த்திக் முரளிதரனும் அவர்தம் தோழர்களும் கிராமப்புறத் தமிழகத்தில் ஏறத்தாழ 19,000 சிறுவர்களைச் சோதித்து ஆராய்ந்தனர். 2021 டிசம்பரில் பின்னடைவு பெரிதாயிருந்தது. மொழியைவிடக் கணக்கில் அது ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் பள்ளி திறந்த ஆறு மாதங்களுக்குள் இழந்ததில் மூன்றில் இரு பங்கு மீட்கப்பட்டது. அம்மீட்சியில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு, தமிழக அரசு 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தால் விளைந்தது என்றும் அவர்கள் கண்டனர்.

அத்திட்டத்தில் புதுமையான கருவி எதுவுமில்லை. மாலை ஐந்து மணிக்குமேல், அதே தெருவில் வாழும் ஒருவர், பெரும்பாலும் ஒரு பெண், இருபது பிள்ளைகளை வட்டமாக அமர்த்திப் பாடமும் விளையாட்டும் கதையும் சொல்லித் தந்தார். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை பெற்று இவ்வாறு முன்வந்தோர் மாநிலமெங்கும் சுமார் இரண்டு லட்சம் பேர். திரை தர இயலாததை, அருகில் அமர்ந்த மனிதர் தந்தார். இதுவே அந்நாட்களின் பாடம்.

பிள்ளைகளுக்கு முதன்மையான கல்வியாளர்கள் பெற்றோரே என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965 அக்டோபர் 28 அன்று வெளியிட்ட கிறிஸ்தவக் கல்வி பற்றிய அறிக்கையில் தெளிவாக உரைத்தது. ஏட்டில் நாம் அறிந்திருந்த அந்த உண்மையைப் பெருந்தொற்று நம் வீட்டுக் கூடத்திற்கே கொண்டுவந்து நிறுத்தியது. பள்ளி திறந்தது, பெற்றோர் பலர் எழுந்துவிட்டனர். பாடத்திற்காக வந்த கைப்பேசியோ பிள்ளையின் கையிலேயே தங்கிவிட்டது!

ஆதலால், பெற்றோரே, விட்ட இடத்தில் மீண்டும் அமர்வோம். இரவு உணவுக்கு முன் அரைமணி நேரம் போதும். அந்நேரம் தந்தையின் கைப்பேசியும் அலமாரியில் இருக்கட்டும். நமக்குக் கணக்குத் தெரியாவிடில் பிள்ளையை நமக்குச் சொல்லித்தரச் சொல்வோம். உரக்க வாசிக்கச் செய்து செவிமடுப்போம். எழுதப் படிக்க அறியாத தாயும் கேட்க அறிவார் அன்றோ? படித்த இளைஞர் உள்ள இல்லங்கள், அடுத்த வீட்டுப் பிள்ளைகள் இருவரையும் அந்தப் பாயில் சேர்த்து அமர்த்தட்டும். பங்கின் அன்பியக் கூட்டங்களில், நம் தெருவில் எந்தப் பிள்ளை வாசிக்கத் திணறுகிறது என்று ஒருமுறை விசாரிப்போம். 2020-இல் தன் முறைக்குக் காத்திருந்து உறங்கிப்போன சிறுமி இன்று வளர்ந்திருப்பாள். அவளுக்கு உரிய முறையை இப்போதேனும் கொடுப்போம்.