சோதனையா, சடங்கா?

கூடங்குளத்தில் அவசர டீசல் மின்பிறப்பாக்கிகள் உள. அவை தவறாது சோதிக்கப்படுகின்றன. கடல்மட்டத்திற்கு மேலே உயர்த்தியும் அமைக்கப்பட்டுள. ஆதலால் அஞ்சற்க என்பர் சிலர்.

அச்சோதனை எதனை நிறுவுகின்றது? பொறி இயங்கும் என்பதனை மட்டுமே. 1993 மார்ச் 31இல் நரோரா அணுமின் நிலையத்தில் சுழலியின் அலகு முறிந்து தீ மூண்டது, மின்வடங்கள் எரிந்தன, நிலையம் ஏறத்தாழ 17 மணிநேரம் மின்னிழந்து கிடந்தது. 2011 மார்ச் 11இல் புக்குசிமாவில் நிலநடுக்கத்தின்பின் மின்பிறப்பாக்கிகள் முறைப்படி இயங்கின. ஆயினும் ஆழிப்பேரலை புகுந்தபின் முதல் நான்கு உலைகளுக்கும் அவை பயன்படவில்லை; 6ஆம் உலையின் காற்றாற் குளிரும் பொறியொன்றே தொடர்ந்து மின் வழங்கியது. ஈரிடத்தும் தோற்றது தனிப்பொறியன்று. ஒரே காரணத்தால் ஒருங்கே வீழ்ந்த அமைப்பாகும். வடங்களும் ஆளிப்பலகைகளும் தீயையும் நீரையும் தாங்குமா என்பதைப் பொறியை முடுக்கிப் பார்ப்பதால் அறிய இயலாது.

போர்க்காலத்தில் யாழ்ப்பாணம் மின்னின்றி ஆண்டுக்கணக்கில் வாழ்ந்தது. எம் பெற்றோர் குப்பிவிளக்கிற் படித்தனர். அணுவுலை அவ்வாறு பொறுத்திராது. நிறுத்திய பின்னும் வெப்பம் உமிழும்.

எனவே, முழு அமைப்பும் சோதிக்கப்படல் வேண்டும். அதன் பெறுபேறுகள், தோல்விகள் உட்பட, கடலின் இருகரைத் தமிழர்க்கும் தமிழிலேயே வெளியிடப்படல் வேண்டும். அஃதின்றேல் அது சோதனையன்று, சடங்கே.