தராசைச் சோதிப்பது யார்?

சங்கக்கடையில் வரிசையில் நிற்பவர் முதலில் பார்ப்பது அரிசியை அல்ல. வெறுந்தட்டோடு தராசின் முள் சுழியத்தில் நிற்கிறதா என்பதையே பார்ப்பார். பின்னர் படிக்கல்லைப் பார்ப்பார். நிறுவையில் நூறு கிராம் குறைந்தால் அது ஒரு பிள்ளையின் ஒருநேரச் சோறு என்பதை இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு எவரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. வானத்தில் சுற்றும் ஒரு தராசையும் நாம் இதே கண்கொண்டு பார்க்கவேண்டும்.

1978 நவம்பரில் மட்டக்களப்பைச் சூறாவளி தாக்கியது. அதற்கு முந்திய மாதம் ஐக்கிய அமெரிக்கா ஏவிய செய்மதி ஒன்றில் நுண்ணலைக் கதிர்மானி ஒன்று இருந்தது. காற்றிலுள்ள ஒட்சிசன் தன் வெப்பநிலைக்கேற்ப மிக மெல்லிய நுண்ணலைகளை வெளிவிடுகிறது. அவற்றை அளந்தே இக்கருவி காற்றின் வெப்பத்தை அறிகிறது. முகில் மூடியிருந்தாலும் இவ்வலைகள் பெரும்பாலும் ஊடுருவி வந்துவிடும். ஆகவேதான் இன்றைய மழை, புயல் எதிர்வுகூறல்களில் இத்தகைய கருவிகளுக்குப் பெரும் பங்குண்டு.

இத்தராசுக்கும் வெறுந்தட்டும் படிக்கல்லும் உண்டு. பூமியை ஒருமுறை வருடியதும் கருவி வெறும் விண்வெளியைப் பார்க்கும். அங்குள்ள குளிர் சுழியத்துக்குக் கீழே ஏறக்குறைய 270 பாகை செல்சியஸ். அடுத்துத் தன்னுள்ளேயே உள்ள இளஞ்சூடான பொருளொன்றைப் பார்க்கும். அதன் வெப்பத்தைப் பிளாற்றினம் வெப்பமானிகள் சொல்லும். இவ்விரண்டு குறிகளை வைத்தே பூமியிலிருந்து வந்த அளவு கணிக்கப்படுகிறது.

இத்தனை ஏற்பாடு இருந்தும் பிழை வந்தது.

அமெரிக்க விஞ்ஞானிகளான ரோய் ஸ்பென்சர், ஜோன் கிறிஸ்ரி ஆகியோர் 1990இல் இந்த அளவீடுகளைத் தொகுத்து வெளியிட்டனர். நிலத்து வெப்பமானிகள் உலகம் சூடேறுவதைக் காட்ட, செய்மதிக் கணக்கு அப்படிக் காட்டவில்லை. எரிபொருட் புகையைக் குறைக்க மனமில்லாதோர் இதையே தூக்கிப் பிடித்தனர்.

1998இல் பிராங்க் வென்ற்ஸ், மத்தியாஸ் ஷாபெல் என்போர் ஒரு பிழையைக் கண்டனர். மேலேயுள்ள மெல்லிய காற்று உராய்வதால் செய்மதிகள் சிறிது சிறிதாகக் கீழிறங்கியிருந்தன. இதனால் பார்க்கும் கோணம் மாறி, இல்லாத குளிர்ச்சி கணக்கில் ஏறியிருந்தது. பத்தாண்டுக்கு 0.05 பாகை குறைவு என்றிருந்தது, திருத்தியபோது 0.07 பாகை கூடுதலாயிற்று.

2005இல் காள் மியேர்சும் வென்ற்சும் இன்னொன்றைக் காட்டினர். செய்மதி ஓரிடத்தைக் கடக்கும் நேரம் ஆண்டுதோறும் நகர்ந்தது. கிணற்று நீர்மட்டத்தை முதலில் விடியற்காலையிலும், பிந்திய ஆண்டுகளில் இறைப்பு முடிந்தபின்னும் அளந்தால் கிணறு வற்றுவதாகத்தானே தோன்றும்? இந்த நேர நகர்வுக்குச் செய்த திருத்தத்தில் கூட்டவேண்டிய இடத்தில் கழித்திருந்தார்கள். ஸ்பென்சரும் கிறிஸ்ரியும் பிழையை ஏற்றுத் திருத்தினர். இன்று அவர்களது சொந்தக் கணக்கும் வெப்பம் கூடுவதையே காட்டுகிறது.

"அப்படியானால் விஞ்ஞானிகளின் பேச்சை நம்புவது எப்படி?" என்று சிலர் கேட்பர். நான் மறுபக்கமாகச் சொல்வேன். இக்கணக்கை நம்பலாம், ஏனெனில் அதை வேறொருவர் எடுத்துச் சோதிக்க முடிந்தது. பிழை விடுவது குற்றமல்ல. தராசைத் துணியால் மூடிவைப்பதே குற்றம்.

வேறு சிலர், "மண்வெட்டி பிடிப்பவனுக்கு இதெல்லாம் எதற்கு?" என்பர். அந்தச் சந்தேகக் காலத்தில் நடவடிக்கையைத் தள்ளிப்போட்டவர்கள் நட்டப்படவில்லை. பருவம் பிழைத்தால் காலபோகத்து விதைநெல்லை இழப்பவன் விவசாயியே. கணக்குப் பிழையின் விலையை அவனே கொடுப்பதால், கேள்வி கேட்கும் உரிமையும் அவனுக்கே முதலில் உண்டு.

ஆகவே எண்களோடு எவர் வந்தாலும் மூன்று கேள்விகளைக் கேட்போம். கருவியைக் கடைசியாக எப்போது சோதித்தீர்கள்? எதனோடு ஒப்பிட்டீர்கள்? உங்களைத் தவிர வேறு யார் பார்த்தார்கள்? மழையை அளப்பவரிடம் மட்டுமல்ல, எமது காணியை அளப்பவரிடமும் குடும்பங்களைக் கணக்கெடுப்பவரிடமும் இவற்றைக் கேட்கலாம். நேர்மையாக அளப்பவர் இதற்காகக் கோபிக்கமாட்டார்.