டாக்டரிடம் ஆட்டையும் சொல்லுங்கள்!

எங்கள் ஊர் கோவில்பட்டிப் பக்கம், கரிசல் காடு. மழை பெய்தால் உளுந்து, கம்பு. மழை ஏமாற்றினால் கை கொடுப்பது ஆடுதான். 2011ல் அரசு நாலு விலையில்லா ஆடு கொடுத்தபோது வாங்கிய பெண்களில் என் நாத்தனாரும் ஒருத்தி. இப்போதும் ஆட்டை வைத்துத்தான் அவள் குடும்பம் ஓடுகிறது.

போன மாசியில் அவள் ஆடு ஒன்று மாதம் நிறையாமல் குட்டியை வீசிவிட்டது. விழாமல் தொங்கிய நஞ்சுக்கொடியை வெறுங்கையால் இழுத்துப் போட்டாள். நாம் எல்லோரும் செய்வதுதானே! மூன்று வாரம் கழித்துக் காய்ச்சல் வந்தது. சாயங்காலம் ஏறும், ராத்திரி சேலை நனைய வேர்க்கும், காலையில் எழுந்து சாணி அள்ளுவாள். "இடுப்பு விட்டுப் போகுது மதினி" என்று அழுவாள். டைபாய்டு என்று மாத்திரை கொடுத்தார்கள். நின்றது, திரும்ப வந்தது. இப்படியே இரண்டு மாதம். "வேலைக்குப் பயந்து நடிக்கிறா" என்று மாமியார் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

கடைசியில் திருநெல்வேலியில் ஒரு டாக்டரம்மா கேட்டார்: "வீட்ல ஆடு, மாடு இருக்காம்மா?" அதுவரை யாரும் கேட்கவில்லை. நாங்களும் சொல்லவில்லை. ரத்தத்தில் புருசெல்லா கிருமிக்கான எதிர்ப்பொருள் இருக்கிறதா என்று சோதித்தார்கள். இருந்தது! மாட்டில் 'கன்று வீச்சு நோய்' என்கிறோமே, அதே நோய்தான். ஆறு வாரம், இரண்டு வித மருந்து, ஒரு நாள் விடாமல். இப்போது நன்றாக இருக்கிறாள்.

இந்தச் சோதனையைப் பற்றி டாக்டரம்மா சொன்னது: கிருமி உடம்புக்குள் போனால், அதை எதிர்க்க ரத்தத்தில் ஒரு பொருள் உண்டாகும். அதைத்தான் தேடுகிறார்கள். ஆரம்பத்தில் தெரியாமல் போகலாம். இரண்டு வாரம் கழித்து மறுபடி பார்க்க வேண்டிவரும். குணமான பிறகும் பல மாதம் ரத்தத்தில் தங்கும். அதனால் தாளை மட்டும் பார்த்துப் பயப்படவும் கூடாது, நாமே மருந்து வாங்கவும் கூடாது.

ஆட்டைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. 1905ல் மால்டா தீவில் ஸம்மிட் என்ற டாக்டர் ஆடுகளின் ரத்தத்தைச் சோதித்தபோது, கொழுகொழுவென்று இருந்த ஆடுகளிலும் இது இருந்தது. மறு வருஷம் அங்கிருந்த சிப்பாய்களுக்கு ஆட்டுப்பாலை நிறுத்தினார்கள். காய்ச்சல் மளமளவென்று குறைந்தது. எட்டயபுரம் சந்தையில் பல்லைப் பிடித்துப் பார்த்து ஆடு வாங்கும் நமக்கு இது பாடம் இல்லையா?

2019ல் மத்திய அரசு தொடங்கிய திட்டத்தில் 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு இலவசத் தடுப்பூசி உண்டு, தவறாமல் போடுங்கள். ஆனால் அது பசு, எருமைக் கன்றுக்குத்தான், ஆட்டுக்கு இல்லை. ஆகவே நாம்தான் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். பாலைப் பொங்கக் காய்ச்சுங்கள். 'நுரைப்பால் தெம்பு' என்று பிள்ளைகளுக்குப் பச்சையாகக் கொடுக்காதீர்கள். வீசிய குட்டியையும் கொடியையும் கையில் பிளாஸ்டிக் பையாவது மாட்டிக்கொண்டு எடுத்து, சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். கர்ப்பிணிகளைக் கிட்டே விடாதீர்கள்.

ஆடு கொடுக்கும் அரசுக்கு ஒரு வேண்டுகோள்: இந்த ரத்தச் சோதனை எல்லாத் தாலுகா ஆஸ்பத்திரிகளிலும் கிடைக்க வேண்டும். தோழியரே, காய்ச்சல் விட்டு விட்டு வந்தால் கேட்கும்வரை காத்திராதீர்கள். "எங்க வீட்ல ஆடு இருக்கு டாக்டர்" என்று நீங்களே சொல்லுங்கள்.

– ஒரு வாசகி, கோவில்பட்டி.