கசாப்புக்கடை இருந்த இடத்தில் ஒரு பப்

முதல்லயே ஒரு டிஸ்கி: குடி குடியைக் கெடுக்கும். இதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. இந்தப் பதிவு சரக்கைப் பத்தி இல்லை, இடத்தைப் பத்தி. அதனால 'பார்'னு சொன்னதும் மனசுல வர்ற இருட்டு, தட்டுல சுண்டல், பக்கத்து டேபிள் சண்டை எல்லாத்தையும் கொஞ்ச நேரம் ஓரமா வச்சிட்டு வாங்க. நாம போகப்போறது இங்கிலாந்துக்கு.

அங்கே தெருமுனை பப் என்பது ஏறக்குறைய நம்ம டீக்கடை பெஞ்ச் மாதிரி. 1946-ல் ஜார்ஜ் ஆர்வெல் (ஆமாம், 'விலங்குப் பண்ணை' ஆர்வெல்தான்) தனக்குப் பிடிச்ச பப் பத்தி ஒரு பத்திரிகைக் கட்டுரை எழுதினார். அந்த பப் பேரு 'தி மூன் அண்டர் வாட்டர்'. பஸ் ஸ்டாப்புக்குப் பக்கம்தான், ஆனா சந்துக்குள்ள இருக்கும். ரேடியோ கிடையாது, பியானோ கிடையாது, பேசினா காது கேக்கும். வேலை பாக்கறவங்களுக்கு வாடிக்கையாளர்கள் பேர் தெரியும். இப்படி அடுக்கிக்கிட்டே போய் கடைசியில போட்டு உடைக்கிறார், அப்படி ஒரு பப்பே கிடையாதுன்னு!

இதுல காமெடி என்னன்னா, பிற்காலத்துல வெதர்ஸ்பூன்ங்கற பெரிய செயின் கம்பெனி அந்தப் பெயரை எடுத்து ஊர் ஊரா பப்களுக்கு வச்சுது. மான்செஸ்டரில் ஒரு பழைய சினிமா தியேட்டரையே பப் ஆக்கி அதே பெயரை மாட்டினாங்க. நாட்டிலேயே மிகப் பெரிய பப்களில் ஒண்ணு அது. ஆர்வெல் கேட்டது சந்துக்குள்ள ஒரு மூலை. கிடைச்சது தியேட்டர்.

இல்லாத அந்த பப்புக்குக் கிட்டத்தட்ட ஒரு உருவம் வந்தது 2005-ல். கென்ட் பகுதியில் ஹெர்ன் என்கிற கிராமம். முன்னாடி கசாப்புக்கடையா இருந்த ஒரு குட்டி அறையில் மார்ட்டின் ஹில்லியர் என்பவர் 'புட்சர்ஸ் ஆர்ம்ஸ்' திறந்தார். டிவி இல்லை, பாட்டு இல்லை, சூதாட்ட மெஷின் இல்லை. பீப்பாயிலிருந்து நேரா கிளாஸுக்கு. பத்து இருபது பேர் வந்தா இடம் ஃபுல். இதைத்தான் இப்ப 'மைக்ரோபப்'னு சொல்றாங்க. அதுக்கப்புறம் பூட்டிக்கிடந்த பூக்கடை, செருப்புக்கடைன்னு நூற்றுக்கணக்குல கிளம்பிடுச்சு.

ஏன் 2005? இங்கேதான் விஷயமே இருக்கு. அதுக்கு முன்னாடி மதுக்கடை லைசென்ஸ் கொடுத்தது உள்ளூர் மாஜிஸ்ட்ரேட்கள். "ஊர்ல ஏற்கனவே மூணு பப் இருக்கே, நாலாவது எதுக்கு?"ன்னு இருக்கிற பப்காரங்க போய் ஆட்சேபணை சொல்லலாம். 2003-ல் போட்ட புது லைசென்ஸ் சட்டம் 2005 நவம்பரில் அமலுக்கு வந்தது. அதிகாரம் உள்ளாட்சி கவுன்சிலுக்குப் போச்சு. குற்றம் நடக்கக்கூடாது, ஆபத்து இருக்கக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது, குழந்தைகளுக்குக் கேடு கூடாது. இந்த நாலை வச்சுத்தான் மறுக்க முடியும். 'தேவையில்லை'ன்னு மறுக்க முடியாது. அவ்வளவுதான், கையில கொஞ்சம் காசும் நிறைய பிடிவாதமும் உள்ள தனி ஆளுக்குக் கதவு திறந்துடுச்சு.

இது சாதாரண விஷயமில்லைங்க. அங்கே பல பப்கள் ப்ரூவரிக்கோ பெரிய சொத்துக் கம்பெனிக்கோ சொந்தம். குத்தகைக்கு எடுத்து நடத்துறவர் அவங்க சொல்ற பீரை, அவங்க சொல்ற விலைக்குத்தான் வாங்கணும். மைக்ரோபப்காரருக்கு அந்தத் தளை கிடையாது. பக்கத்து ஊர்ல ஒருத்தர் நல்லா பீர் காய்ச்சினா, இன்னிக்கு அதை வாங்கி வைக்கலாம்.

என் கட்சி இதுதான்: ஒளிஞ்சிருக்கிற சின்ன பப்போட அழகு மர பெஞ்சிலயும் மஞ்சள் விளக்கிலயும் இல்லை. அதையெல்லாம் எந்த இன்டீரியர் டிசைனரும் ரெண்டு வாரத்துல பண்ணிக் கொடுத்துடுவார். அழகு, கல்லாவுக்குப் பின்னாடி நிக்கறவர்தான் முதலாளி என்பதுல இருக்கு. உங்களுக்குப் பிடிக்கலைன்னா அவர் முகத்தைப் பார்த்தே சொல்லலாம். 'ஹெட் ஆஃபீஸ்ல கேட்டுச் சொல்றேன்'ங்கற பதில் வராது.

"அட போப்பா, அந்தச் சின்ன ரூமுக்குள்ள நுழைஞ்சா பத்து பேரும் திரும்பிப் பார்ப்பான். அதுவும் நம்ம கலர்ல ஒருத்தன் நுழைஞ்சா?"ன்னு நண்பர் ஒருத்தர் கேட்டார். நியாயமான கேள்வி. பெரிய பப்ல யாரும் கண்டுக்க மாட்டாங்க, அது ஒரு சௌகரியம். சின்ன இடத்துல தப்பிக்கவே முடியாது. பழைய ஆளுங்க சேர்ந்துக்கிட்டு அதை ஒரு கிளப்பாவே மாத்திடற ஆபத்தும் நிஜம். ஆனா அதே காரணத்தால உங்ககிட்ட யாராவது பேசியே ஆகணும். முழங்கால் இடிக்கிற தூரத்துல உட்கார்ந்துக்கிட்டு எவ்வளவு நேரம்தான் சுவத்தையே பாக்கறது? முதலாளி 'எந்த ஊர்?'னு ஆரம்பிச்சு வச்சார்னா பாதிக் கஷ்டம் போச்சு. ஆரம்பிக்கலைன்னா அது நல்ல பப் இல்லை, எவ்வளவு சின்னதா இருந்தாலும் சரி. அளவு கோசியா இருந்தா பத்தாது, ஆளும் இருக்கணும்.

கடைசியா ஒரு கணக்கு. இந்த மாதிரி இடங்கள்ல முக்கியமா விக்கறது கேஸ்க் ஏல். பீப்பாய்க்குள்ளேயே ஈஸ்ட் உயிரோட இருக்கிற பீர். சாதாரணமா வாங்கற பீப்பாய் 9 கேலன், அதாவது 72 பைண்ட். திறந்தா சுமார் மூணு நாளைக்குள்ள வித்தாகணும், இல்லேன்னா கெட்டுடும். ஒரு நாளைக்கு 24 பைண்ட். சனிக்கிழமை பிரச்சினையில்லை, கூட்டம் வந்துடும். செவ்வாய்க்கிழமை மழையில யார் வருவா? 2020-ல் கொரோனாவுக்காக பப்களை மூடினபோது எல்லாருக்குமே அடி. அப்புறம் தள்ளித் தள்ளி உட்காருங்கன்னு சொல்லித் திறந்தபோது, முழங்கால் இடிக்கிற கடைக்காரர் எங்கே போவார்?

"எவ்வளவு அழகான சின்ன இடம், மூடிட்டாங்களாமே"ன்னு உச்சுக்கொட்டறவங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க. போட்டோ எடுத்தவங்களும் அவங்கதான். கடையைக் காப்பாத்தறது அந்தப் போட்டோ இல்லை. செவ்வாய்க்கிழமை மழையில குடையோட வந்து அரை பைண்ட் வாங்கி, ரெண்டு மணி நேரம் பேசிட்டுப் போற அந்த ஆறேழு பேர்தான். உங்களுக்கு அப்படி ஒரு சின்ன இடம் பிடிச்சிருந்தா, சனிக்கிழமை போகாதீங்க. செவ்வாய்க்கிழமை போங்க.