பழைய கேமராவும் இரண்டு சாட்சிகளும்

 

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி வட்டாரத்துப் பழைய வீடுகளில் பீரோவின் மேல்தட்டைத் துழாவினால், தோலுறைக்குள் உறங்கும் கேமரா ஒன்று கிடைப்பதுண்டு. சிங்கப்பூரிலிருந்தோ சவூதியிலிருந்தோ திரும்பியபோது வாப்பா வாங்கிவந்ததாக இருக்கும். 1966இல் ஜப்பானில் வெளிவந்த யாஷிகா எலக்ட்ரோ 35 அல்லது கேனனெட் என்ற பெயர் அதில் பொறிக்கப்பட்டிருக்கலாம். இக்காலப் பிள்ளைகள் சிலர் அவற்றை ஆர்வத்துடன் எடுத்து, ஃபிலிம் போட்டுப் படம்பிடிக்கின்றனர். படங்கள் மங்கலாக வந்துவிட்டால், "லென்ஸ் போய்விட்டது" என்று தீர்ப்புக் கூறி எடைக்குப் போட்டுவிடுகின்றனர். பல வேளைகளில் லென்ஸ் குற்றமற்றதாகவே இருக்கும். நிலை பிறழ்ந்திருப்பது 'ரேஞ்ச்ஃபைண்டர்' எனப்படும் தூரமானியே ஆகும். அதைச் சோதித்துச் சீர்செய்யும் முறையை இம்மாதம் காண்போம்.

(உருவப்படங்களைக் குறித்து உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு என்பதை நாம் அறிவோம். அவ்விவாதம் இப்பக்கத்தின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கருவி இயங்கும் விதமே இங்கு நம் பேசுபொருள்.)

இவ்வகைக் கேமராவின் முகப்பில், ஒன்றுக்கொன்று சில சென்டிமீட்டர் தள்ளி, இரண்டு சாளரங்கள் இருக்கும். ஒன்றின் வழியாக நாம் காட்சியை நேராகப் பார்க்கிறோம். மற்றொன்றின் வழியே வரும் ஒளி ஒரு சிறு கண்ணாடியில் பட்டுத் திரும்பி, பாதி ஒளியை மட்டும் திருப்பும் இன்னொரு கண்ணாடியின் மூலம் முதற்காட்சியின் நடுவே வந்து விழுகிறது. ஆகவே நடுவிலுள்ள மஞ்சள் கட்டத்தில் ஒரே பொருள் இரண்டாகத் தெரியும். லென்ஸின் வளையத்தைத் திருப்பும்போது ஒரு நெம்புகோல் அச்சிறு கண்ணாடியை அசைக்கிறது. இரண்டு பிம்பங்களும் ஒன்றாகும் இடத்தில், பொருளின் தூரமும் லென்ஸின் நிலையும் பொருந்திவிட்டன என்று பொருள்.

இரண்டு கண்கள் காணும் பொருள் ஒன்றாகத் தெரிவது எப்படி, சில வேளை இரண்டாகத் தெரிவது ஏன் என்ற வினாவை ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே பரிசோதனை செய்து ஆராய்ந்தவர் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம். கெய்ரோவில் வாழ்ந்த காலத்தில் அவர் இயற்றிய 'கிதாபுல் மனாழிர்' நூலின் மூன்றாம் பாகத்தில், ஒரு பலகையின் மீது சிறு பொருள்களை நிறுத்திப் பார்க்கும் சோதனை விவரிக்கப்பட்டுள்ளது. அந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, 1572இல் பாஸல் நகரில் அச்சாகி, ஐரோப்பிய அறிஞர்களின் கைகளுக்குச் சென்றது.

தூரத்தைக் கோணத்தால் அளக்கும் இக்கலைக்கு நம் சுற்றுவட்டாரத்திலேயே வரலாறு உண்டு. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலையை அடுத்த சமவெளியில் ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளந்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும் பணி அக்கோட்டிலிருந்து வளர்ந்தது. ஆவடியில் உள்ள ஆய்வு நிறுவனம் உருவாக்கிய அர்ஜுன் டாங்கியோ லேசர் கதிரால் தூரத்தை அறிகிறது.

லாம்டனுக்கு அடிக்கோடு ஏழரை மைல். நம் கேமராவுக்கோ சாளரங்களுக்கு இடையிலுள்ள சில சென்டிமீட்டர்தான். அதை ஐந்து சென்டிமீட்டர் என்று கொள்வோம். ஒரு மீட்டர் தொலைவிலுள்ள பொருளுக்கு இரு பார்வைக் கோடுகளுக்கிடையே உண்டாகும் கோணம் ஏறத்தாழ மூன்று டிகிரி. பத்து மீட்டருக்கு அதில் பத்தில் ஒரு பங்கு. கண்ணாடி திரும்புவது அதிலும் பாதியே. ஒருமுறை கீழே விழுந்தாலோ, பழைய கிரீஸ் இறுகிப்போனாலோ இந்நுண்ணிய கணக்குத் தவறிவிடும். அம்பத்தூர் தொழிற்பேட்டையில் மைக்ரோமீட்டர் பிடித்த கைகளுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இப்பிழை நல்ல வெயிலில் வெளிப்படுவதில்லை. 45 மில்லிமீட்டர் லென்ஸின் துவாரத்தை 16 என்ற எண்ணுக்குச் சுருக்கினால், ஒரு மீட்டர் தொலைவில் அரை மீட்டர் அளவுக்குக் காட்சி தெளிவாக இருக்கும். அதே லென்ஸை 1.7 என்ற எண்ணுக்குத் திறந்தால் தெளிவு ஐந்து சென்டிமீட்டருக்குள் அடங்கிவிடும். ஆகவே முற்றத்தில் எடுத்த படங்கள் பழுதின்றி வரும். நிக்காஹ் நாளன்று விளக்கொளியில் எடுத்த நன்னியின் முகம் மட்டும் மங்கிப்போகும். அப்படம் மீண்டும் எடுக்கக் கிடைக்காது. 36 படங்களுக்கான சுருளும் இன்று பல நூறு ரூபாய் விலை. உதகையில் ஃபிலிம் தயாரித்த இந்துஸ்தான் ஃபோட்டோ ஃபிலிம்ஸ் ஆலையும் மூடப்பட்டுவிட்டது. எனவே ஃபிலிம் போடுவதற்கு முன்பே சோதித்துவிடுங்கள்.

லென்ஸ் ஒரு சாட்சி, தூரமானி மற்றொரு சாட்சி. முதலில் தூரமானியை விசாரியுங்கள். லென்ஸை முடிவிலிக் குறியான ∞ வரை திருப்பி நிறுத்துங்கள். ஒரு கிலோமீட்டருக்கும் அப்பாலுள்ள பொருளை நோக்குங்கள். செம்பரம்பாக்கம் ஏரிக்கரையில் நின்றால் எதிர்க்கரை மரங்கள் போதும். மொட்டை மாடியில் இரவு நிலவு போதும். சூரியனை மட்டும் ஒருபோதும் நோக்காதீர்கள். பிம்பங்கள் இரண்டும் பொருந்தினால் நன்று. பக்கவாட்டில் விலகியிருந்தால் தூரக்கணக்கில் பிழை. மேலும் கீழுமாக விலகியிருந்தால் கண்ணுக்கு இடையூறே தவிர, தூரம் பெரிதும் கெடாது.

அடுத்து லென்ஸை விசாரியுங்கள். பின்கதவைத் திறந்து, ஃபிலிம் படியும் உள்வரம்புகளின் மீது ஒளிபுகும் மங்கலான ஒட்டுநாடாவைத் தொய்வின்றி ஒட்டுங்கள். துவாரத்தை முழுதாகத் திறந்து, ஷட்டரை 'பி' நிலையில் திறந்தபடி நிறுத்தி, பகலில் அதே தொலைதூரப் பொருளை நோக்குங்கள். நாடாவில் தலைகீழாக விழும் உருவத்தை உருப்பெருக்கியால் பாருங்கள். அது தெளிவாக இருந்து, தூரமானி மட்டும் விலகியிருந்தால் பிழை தூரமானியுடையது. நாடாவிலும் மங்கலாக இருந்தால் பிழை லென்ஸின் அமைப்பில் இருக்கிறது. அந்நிலையில் தூரமானியைத் தொடாமல், தேர்ந்த பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள். தவறான லென்ஸுக்கு ஏற்பத் தூரமானியைத் திருத்துவது, பொய்ச் சாட்சிக்கு ஏற்ப மெய்ச் சாட்சியை மாற்றிச் சொல்லவைப்பதற்கு ஒப்பாகும்.

தூரமானியே பிழையென உறுதியானால், சிறிய திருப்புளியுடன் தொடங்கலாம். சோவியத் நாட்டு ஃபெட், சோர்க்கி கேமராக்களில் முகப்பிலுள்ள ஒரு மூடித்திருகை எடுத்தாலே உள்ளிருக்கும் திருகு எட்டும். யாஷிகா போன்றவற்றில் மேல்மூடியைக் கழற்ற வேண்டும். கழற்றிய திருகுகளை வரிசை மாறாமல் ஒரு தட்டில் வையுங்கள். திருத்தும் திருகு முதலில் இருந்த நிலையைக் குறித்துக்கொள்ளுங்கள். பின்னர் நிலவை நோக்கியபடி, மயிரிழை அளவே திருப்பிப் பிம்பங்களை இணையுங்கள். அடுத்து, ஃபிலிம் இருக்கும் இடத்திலிருந்து ஒரு மீட்டரை நாடாவால் அளந்து, அங்குள்ள கதவு நிலையின் நேர்க்கோட்டில் சோதியுங்கள். தொலைவில் பொருந்தி அருகில் பொருந்தாவிட்டால், நெம்புகோல் வளைந்திருக்கலாம். அங்கே நிறுத்திக்கொள்வது அறிவுடைமை. இரண்டிலும் பொருந்திய பின், திருகு நகராதிருக்க ஒரு துளி நகப்பூச்சு வையுங்கள்.

உள்ளேயுள்ள பாதிக் கண்ணாடியைத் துணியால் துடைக்காதீர்கள். அதன் மெல்லிய பூச்சு உதிர்ந்துவிட்டால் மஞ்சள் கட்டமே மறைந்துவிடும். ரப்பர் குமிழால் காற்றை ஊதித் தூசியை அகற்றுவது போதும்.

ஒரு செய்தி வந்தால் தீர விசாரித்துத் தெளிந்துகொள்ளுமாறு அல்ஹுஜுராத் அத்தியாயம் நமக்குக் கற்பிக்கிறது. மங்கிய படம் ஒன்றைக் கண்டவுடன் லென்ஸைக் குற்றவாளியாக்குவதும், காதில் விழுந்த ஒரு சொல்லைக் கொண்டு உறவினரைக் குற்றவாளியாக்குவதும் ஒரே அவசரத்தின் இரு கிளைகளே. உங்கள் வீட்டுப் பீரோவிலிருக்கும் கேமராவை எடைக்குப் போடுமுன், ஒரு நிலவொளி இரவில் பிள்ளைகளை மாடிக்கு அழைத்துச் செல்லுங்கள். வாப்பா வைத்துச் சென்ற பொருள் மெய் பேசுகிறதா என்பதை அவர்களே விசாரித்து அறியட்டும்.

இன்ஷா அல்லாஹ், அடுத்த இதழில் சந்திப்போம். வஸ்ஸலாம்.