உடைந்தது பாடிதான், கிடார் அல்ல

கம்ப்யூட்டர் பத்திரிகையில் கிடாருக்கு என்ன வேலை என்று கேட்கிறீர்களா? புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பலரும் அதன் கேபினட்டைத் திறந்து பார்க்கவே பயப்படுகிறார்கள். நானும் என் எலக்ட்ரிக் கிடாரை அப்படித்தான் பொத்திப் பொத்தி வைத்திருந்தேன். அது உடையும் வரை.

முதல் சம்பளத்தில் வாங்கிய கிடார் அது. ஸ்ட்ராட்டோகாஸ்டர் மாதிரியில் செய்யப்பட்ட, விலை குறைந்த ரகம். கம்பெனி வேலையாக அமெரிக்காவின் சியாட்டில் நகருக்குப் போனபோது கூடவே எடுத்துச் சென்றேன். விமானத்தில் லக்கேஜோடு போட்டதில் பாடி விரிசல் விட்டுவிட்டது. அதுவும் நெக் வந்து உட்காரும் குழிக்குப் பக்கத்திலேயே. கடையில் காட்டியபோது, "இதைச் சரி செய்யும் செலவுக்குப் புதிதே வாங்கிவிடலாம்" என்றார்கள். அவர்கள் கணக்கு சரிதான். ஆனால் நெக்குக்கு ஒன்றும் ஆகவில்லை. ஐந்து வருடம் என் விரல்கள் பழகிய நெக். அதைக் குப்பையில் போட மனம் வரவில்லை.

பாடியை மட்டும் மாற்ற முடியுமா? முடியும். அதற்குக் காரணம் லியோ ஃபெண்டர். கலிஃபோர்னியாவில் ரேடியோ ரிப்பேர் கடை வைத்திருந்தவர். அவருக்குக் கிடார் வாசிக்கத் தெரியாது என்பது வேடிக்கை. அதற்கு முன் நல்ல கிடார் என்றால் நெக்கைப் பாடியோடு பசை போட்டு ஒட்டுவதுதான் வழக்கம். 1950-ல் அவர் விற்பனைக்குக் கொண்டுவந்த கிடாரில் (பின்னாளில் டெலிகாஸ்டர் ஆனது இதுதான்) நெக்கை நான்கு ஸ்குரூ போட்டு முடுக்கிவிட்டார். ரேடியோவில் பழுதான பாகத்தைக் கழற்றி வேறு மாட்டிப் பழகிய கை அல்லவா! 1954-ல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டரும் அப்படியே. பலரும் அதே அளவில் காப்பியடிக்க, அந்த அளவுகளே ஸ்டாண்டர்டு ஆகிவிட்டன. நெக்கின் அடிப்பகுதி அகலம் சுமார் 56 மி.மீ., பாடியில் குழியின் ஆழம் சுமார் 16 மி.மீ. இந்த அளவில் பாடி மட்டும், நெக் மட்டும் செய்து விற்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பாடியின் வடிவத்தைத் தன் டிரேட்மார்க்காகப் பதிவு செய்ய ஃபெண்டர் கம்பெனி கேட்டபோது, 2009-ல் அமெரிக்க டிரேட்மார்க் வாரியம் மறுத்துவிட்டது.

உங்கள் மேஜையில் இருக்கும் அசெம்பிள்டு கம்ப்யூட்டரின் கதையும் இதேதான். 1981-ல் வந்த ஐ.பி.எம். பி.சி.யை மற்றவர்கள் பார்த்துச் செய்தார்கள். 1995-ல் இன்டெல் ஏ.டி.எக்ஸ். அளவை வெளியிட்டது. அதனால்தான் ஒரு கம்பெனியின் மதர்போர்டு இன்னொரு கம்பெனியின் கேபினட்டில் உட்காருகிறது.

அசெம்பிள் செய்த கிடார் என்றால் மட்டம் என்று நினைப்பவர்களுக்கு இரண்டு பெயர்கள் சொல்கிறேன். எரிக் கிளாப்டன் 1970-ல் பழைய ஸ்ட்ராட்டோகாஸ்டர்களை வாங்கி, மூன்றின் நல்ல பாகங்களைச் சேர்த்து ஒரே கிடாராக்கினார். "பிளாக்கி" என்ற அந்தக் கிடார் 2004-ல் 9,59,500 டாலருக்கு ஏலம் போனது. எடி வான் ஹேலனோ 50 டாலருக்கு ஒரு இரண்டாம் தரப் பாடி, 80 டாலருக்கு ஒரு நெக் வாங்கி, கிப்சன் கிடார் ஒன்றின் பிக்கப்பைப் பிடுங்கி அதில் வைத்தார். 1978-ல் வந்த அவருடைய குழுவின் முதல் ஆல்பத்தில் ஒலிப்பது அந்தக் கிடார்தான்.

இதையெல்லாம் படித்துவிட்டு உற்சாகத்தில் நானும் ஒரு பாடி வாங்கினேன். அளந்து பார்க்காமல்! என்ஜினீயரிங் முதல் வருடம் முழுக்க லேபில் வெர்னியர் காலிப்பரும் கையுமாகத் திரிந்தவன் செய்கிற காரியமா இது?

நெக் குழியில் சரியாக உட்கார்ந்தது. ஆனால் ஸ்குரூ துளைகள் நேராக வரவில்லை. நெக்கில் இருந்த பழைய துளைகளைக் கடின மரக்குச்சியும் பசையும் வைத்து அடைத்தேன். ஒரு நாள் காயவிட்டு, புதிதாகத் துளை போட்டேன். டிரில் பிட்டில் எவ்வளவு ஆழம் வேண்டுமோ அந்த இடத்தில் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் துளை மறுபக்கம் வாசிக்கும் பலகை வழியாக வந்து எட்டிப் பார்க்கும். ஸ்குரூவில் கொஞ்சம் சோப்பு தடவினால் வழுக்கிக்கொண்டு இறங்கும்.

அடுத்தது பிரிட்ஜ். புதுப் பாடியில் முதல் ஸ்குரூ துளைக்கும் ஆறாவது துளைக்கும் இடைவெளி 56 மி.மீ. என் பழைய பிரிட்ஜில் 52.5 மி.மீ. மூன்றரை மில்லிமீட்டர்தானே என்று விட முடியுமா? புதுப் பிரிட்ஜ் வாங்க வேண்டியதாயிற்று. அந்தத் துளைகளை இஷ்டத்துக்கு நகர்த்தவும் முடியாது. கம்பி தொடங்கும் நட்டிலிருந்து 12-வது ஃப்ரெட் வரை எவ்வளவு தூரமோ, ஏறக்குறைய அதே தூரம் அங்கிருந்து பிரிட்ஜுக்கும் இருக்க வேண்டும். இந்த ரகக் கிடாரில் அது 324 மி.மீ. பிரிட்ஜில் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த வழி உண்டு. அதையும் தாண்டித் தப்பினால் எவ்வளவு டியூன் செய்தாலும் சுருதி சேராது.

எல்லாம் முடித்து ஆம்ப்ளிஃபயரில் செருகினால், ஒரே "உம்ம்ம்" சத்தம். இரண்டு நாள் பிக்கப்பைத் திட்டினேன். பிறகுதான் பார்த்தேன். பாடியின் பின்புறம் ஸ்பிரிங்குகளைப் பிடித்திருக்கும் தகட்டிலிருந்து வால்யூம் கன்ட்ரோலின் முதுகுக்கு வர வேண்டிய எர்த் ஒயரை நான் சால்டர் செய்யவே இல்லை! ஒரு ஒயர் வைத்ததும் சத்தம் வெகுவாக அடங்கிவிட்டது. கம்ப்யூட்டர் கேபினட்டைத் தொட்டால் சுர்ரென்று ஷாக் அடிக்கிறது என்பவர்களும் முதலில் வீட்டு எர்த்தைத்தான் பார்க்க வேண்டும்.

மரத்தைப் பற்றி ஒரு வார்த்தை. ஆல்டர் மரம் ஒரு மாதிரி ஒலிக்கும், ஆஷ் மரம் வேறு மாதிரி ஒலிக்கும் என்று விற்பவர்கள் பெரிய கதையே சொல்வார்கள். எலக்ட்ரிக் கிடாரில் பிக்கப் உணர்வது காந்தப்புலத்தில் அதிரும் இரும்புக் கம்பியைத்தான். மரத்தால் வித்தியாசமே இல்லையா என்ற சண்டை இன்னும் ஓயவில்லை. என்னைக் கேட்டால், மரத்தின் பெயருக்குக் கூடுதல் பணம் தர மாட்டேன். எடை குறைவாக இருக்கிறதா, குழி சுத்தமாக வெட்டப்பட்டிருக்கிறதா என்று மட்டும் பார்ப்பேன்.

செலவு? பாடி, பிரிட்ஜ், டிரில், சால்டரிங் அயர்ன் எல்லாம் சேர்த்து என் பழைய கிடாரின் விலையைப் போல இரண்டரை மடங்கு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம். விற்கப் போனால் பாதி கூடத் தேறாது. எனவே மிச்சம் பிடிக்க நினைத்து இதில் இறங்காதீர்கள். கடைக்காரர் சொன்னதைக் கேட்டிருந்தால் பணம் மிஞ்சியிருக்கும். ஆனால் அந்தப் புதுக் கிடாருக்குள் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிந்திருக்காது. அடுத்த முறை அது கெட்டால் மறுபடி அவரிடம்தான் ஓடியிருப்பேன். மெமரியை போர்டோடு ஒட்டி வரும் மெல்லிய லேப்டாப் வேண்டாம் என்று நண்பர்களிடம் நான் சொல்வதும் இதனால்தான்.

ஊர் திரும்பும்போது கிடாரை முழுசாக லக்கேஜில் போடவில்லை. கம்பிகளைத் தளர்த்தி, நான்கு ஸ்குரூவையும் கழற்றினேன். பத்து நிமிட வேலை. பாடி சட்டைகளுக்கு நடுவில், நெக் ஜீன்ஸுக்குள். சென்னையில் வீட்டுக்கு வந்து பெட்டியைத் திறந்ததும் அம்மா கேட்டது: "என்னடா, மறுபடியும் உடைச்சிட்டியா?"